தவளைக்கு முன்னால் பேசுகிறவர்

இயேசு மரி சூசை துணை

செக்காலை, காரைக்குடி
19.11.1998

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய மாப்பிள்ளை ஜான் பீட்டர் அவர்களுக்கு மாமனார் ஞானசேகர் எழுதிக்கொள்வது. ஆண்டவர் அருளால் என் இடது முழங்காலைத் தவிர இந்த வீட்டில் மற்ற எல்லாம் சுகமாக இருக்கிறது. பெங்களூரில் குளிர் தொடங்கியிருக்கும். ஆன் மேரி சின்ன வயதிலிருந்தே காதில் பஞ்சு வைக்க மறுப்பவள், தாங்கள் சொன்னால் கேட்பாள் என்று அவள் தாயார் எழுதச் சொல்கிறாள். நான் சொல்லி இந்த வீட்டில் யாரும் எதையும் கேட்டதில்லை என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

தாங்கள் கொரியரில் அனுப்பிய சோதனை சி.டி. சென்ற வியாழக்கிழமை பத்திரமாக வந்து சேர்ந்தது. முப்பத்தொரு வருடம் கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவனின் பதினோரு வருடத் தவளை ஆராய்ச்சியைத் தங்கள் கம்பெனி இத்தனை சின்னத் தட்டுக்குள் அடைத்துவிட்டது எனக்கு இன்னமும் நம்ப முடியாத விஷயமாகவே இருக்கிறது. எங்கள் காலத்தில் ஆய்வுக் கட்டுரை என்றால் காகிதம்தான். தவளை எப்படிக் கத்தியது என்பதை எழுத்தில் எழுதிவிட வேண்டும், படிக்கிறவர் அவரவர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு கத்திப் பார்த்துக்கொள்ள வேண்டும். இப்போது ஆய்விதழே சி.டி.யாக வருகிறது, வரைபடத்தில் ஊருணியைத் தொட்டால் அந்த ஊருணியின் படம் வருகிறது, அந்த ஊருணித் தவளையே வாயைத் திறக்கிறது, மழையைக் கூட்டியும் குறைத்தும் வேறு பார்க்கலாம் என்றால், இதை மகளைக் கொடுத்த வீட்டின் பாக்கியம் என்றுதான் சொல்ல வேண்டும். பக்கத்து வீடுகளில் சொல்லியும் விட்டேன்.

கூடவே வந்த ஒப்புதல் படிவத்தையும் படித்தேன். மூன்றாவது பத்தியில், ஒவ்வொரு ஒலிப்பதிவின் தொடக்கத்திலும் ஒரு மனிதக் குரல் கேட்கிறது, அது இரைச்சலாகக் கருதப்பட்டு இறுதி சி.டி.யில் நீக்கப்படும், கட்டுரை ஆசிரியருக்கு ஆட்சேபம் இருந்தால் நவம்பர் முப்பதுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், தவறினால் சம்மதமாகவே கொள்ளப்படும் என்று இருக்கிறது. எனக்கு ஆட்சேபம் இருக்கிறது. ஆனால் மாப்பிள்ளைக்கு ஆட்சேபம் தெரிவித்துக் கடிதம் எழுதும் வழக்கம் எங்கள் குடும்பத்தில் என் பாட்டனார் காலம் தொட்டு இல்லை. ஆகையால் இங்கே நடந்ததை மட்டும் எழுதுகிறேன். எழுதும்போது ஆட்சேபம் தானாக வந்து விழுந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

அந்தக் குரல் யாருடையது என்று தாங்கள் கேட்கவில்லை, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். அவர் பெயர் கோட்டைச்சாமி. நெற்குப்பையில் ஊருணிக் காவல் அவர் வேலை. குடிதண்ணீரில் யாரும் கால் கழுவாமலும் மாடு இறங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். எண்பத்தேழாம் வருடம் டேப்ரிக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு நான் படிக்கட்டில் குத்தவைத்திருந்ததைப் பார்த்து, கால் கழுவ வந்தவன் என்று நினைத்து விரட்டினார். தவளைக்காக வந்திருக்கிறேன் என்று உண்மையைச் சொன்ன பிறகு இன்னும் பலமாக விரட்டினார். மூன்றாம் நாள் அவரே வந்து எந்தத் தவளை எந்தப் படியில் உட்காரும் என்று காட்டிக் கொடுத்தார். அதற்கப்புறம் கல்லூரி வேலையை விட்டுவிட்டு நான் எல்லா ஊருக்கும் ஓட முடியாமல் போகவே, டேப்பையும் கேசட்டுகளையும் அவரிடமே கொடுத்துவிடுவேன். மழை விட்ட சாயங்காலங்களில் சைக்கிளில் போவார், தூரமாக இருந்தால் சைக்கிளைப் பஸ் மேலே ஏற்றிக்கொண்டு போவார். சிங்கம்புணரி வரைக்கும் பதினாறு ஊருணி, இருநூற்றுப் பதினான்கு பதிவு. இதில் முக்கால்வாசி அவர் செய்தது, கால்வாசியில் நான் தும்மியிருக்கிறேன்.

கோட்டைச்சாமிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எந்த ஊர், எந்தக் கரை என்று குறித்துவைக்க வழியில்லாததால் டேப்பிலேயே சொல்லிவிடச் சொன்னேன். அதைத்தான் தங்கள் கம்பெனியில் கேட்டிருக்கிறார்கள். "சார், கோட்டைச்சாமி பேசுறேன். நெற்குப்பை, பெரிய ஊருணி, கீழகரை. மழை விட்டு அரை மணி நேரமாச்சு. இனிமே தவளை பேசும்." இவ்வளவுதான். பிறகு அவர் மூச்சுக்கூடக் கேட்காது, தவளை பேசும். சில பதிவுகளில் ஒரு செருப்பு சேற்றில் போய்விட்டது, தேடிக்கொண்டுதான் வருவேன் என்பது போன்ற கூடுதல் செய்திகளும் உண்டு, அவற்றை நீக்கிக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் பெயரும் ஊரும் கரையும் சொல்கிற சொற்கள் இருக்க வேண்டும். தொண்ணூற்றொன்றில் இந்த ஆராய்ச்சி பற்றி ஒரு சின்னக் கட்டுரை அச்சில் வந்தபோது கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் அவருக்கு நன்றி சொல்லியிருந்தேன். இடம் போதவில்லை என்று அந்த ஒரு வரியையும் வெட்டிவிட்டார்கள். நானும் சும்மா இருந்துவிட்டேன், அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது. இப்போது குரலும் போய்விட்டால் பதினோரு வருடம் அந்த மனிதர் இதில் இருந்தார் என்பதற்கு ஒரு அடையாளமும் மிஞ்சாது.

இனி சி.டி.யின் கதைக்கு வருகிறேன். வந்த அன்றே அதைச் செக்காலைக் கம்ப்யூட்டர் சென்டருக்கு எடுத்துப் போகக் கிளம்பினேன். என் மனைவி வியாகுலம்மாள் விடவில்லை. மாப்பிள்ளை அனுப்பியதை மாதாவுக்குக் காட்டாமல் மிஷினுக்குள் விடுவார்களா என்று கேட்டு, வாங்கி மாதா சுரூபத்தின் முன்னால் வைத்துவிட்டாள். ஞாயிறு பூசை முடிந்து சாமியாரிடம் மந்திரிக்கவும் கொடுத்தாள். அவருக்கு இதில் எது முன்பக்கம் என்று தெரியாததால் தீர்த்தத்தை இரண்டு பக்கமும் தெளித்தார். திங்கட்கிழமை கோட்டைச்சாமியும் அவர் மனைவி செந்தாமரையும் வந்தார்கள். தன் வீட்டுக்காரர் பேச்சு இதற்குள் இருக்கிறது என்று தெரிந்ததும் செந்தாமரை எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தது. கல்யாணப் பத்திரிகையோ வீட்டுப் பத்திரமோ, நல்ல காரியத்துக்கான எதுவானாலும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவாமல் அவர்கள் வீட்டை விட்டு வெளியே போகாது. இதற்கு மூலையே இல்லையே என்று கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தது. பிறகு எழுத்து இருக்கிற பக்கம் கெட்டுவிடக் கூடாது என்று பொறுப்பாக யோசித்து, பளபளவென்றிருந்த பக்கத்தில் நாலு இடம் தேர்ந்தெடுத்து மஞ்சளைக் குழைத்துத் தடவி, மேலே குங்குமமும் வைத்துவிட்டது. கிறித்தவ வீட்டுச் சி.டி. ஆயிற்றே, என் மனைவி தடுத்திருப்பாள் என்றுதான் நினைத்தேன். அவளோ கீழே ஒரு பொட்டு சரியாகப் பதியவில்லை என்று எடுத்துச் சொல்லியிருக்கிறாள். நான் அப்போது பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தேன், இதெல்லாம் பிறகு விசாரணையில் தெரிந்துகொண்டது.

செவ்வாய்க்கிழமை நாங்கள் நால்வரும் ஒரே ஆட்டோவில் செக்காலை ரோட்டுக்குப் போனோம். அங்கே சரவணகுமார் என்பவர் சென்டர் வைத்திருக்கிறார். மனு டைப் அடிப்பார், ஜாதகம் அடிப்பார், ஜெராக்ஸ் உண்டு. மல்டிமீடியா கம்ப்யூட்டர் என்று ஒன்றைத் தனியாக உள்ளறையில் துணி போர்த்தி வைத்திருக்கிறார், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். உறையைத் திறந்து பார்த்தவர் என்னையும் சி.டி.யையும் மாறி மாறிப் பார்த்தார். என் பழைய மாணவர் என்பதால் என் கண்ணாடி துடைக்கிற துணியை வாங்கித் தண்ணீர் தொட்டு அரை மணி நேரம் துடைத்தார். குங்குமம் போய்விட்டது, மஞ்சள் முழுசாகப் போகவில்லை. மிஷின் அதை உள்ளே வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் உறுமியது, வெளியே தள்ளியது, மறுபடி உறுமியது. மூன்றாம் தடவை ஏற்றுக்கொண்டது. செந்தாமரைக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

திரையில் நம் சீமை முழுவதும் பச்சையாக விரிந்தது, மாப்பிள்ளை. சரவணகுமார் முதலில் திரையின் ஓரத்தில் மழையைக் கூட்டிக் குறைக்கிற கோட்டைப் பிடித்து இழுத்துக் காட்டினார். மழை கூடக் கூட ஊருணிகளில் தவளைகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டு கத்தின. சத்தம் கேட்டு ஜெராக்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் உள்ளறைக்கு வந்துவிட்டார்கள். கண்மாய் மராமத்துக்கு மனு அடிக்க வந்திருந்த சிங்கம்புணரி விவசாயி ஒருவர், எங்கள் பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் கூட்டி வையுங்கள் என்று கேட்டுக்கொண்டார். சரவணகுமார் அந்தக் கோட்டைக் கடைசி வரைக்கும் தள்ளினார். அறை முழுக்கத் தவளைச் சத்தம், விவசாயி முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. சரவணகுமார்தான் வேண்டுமென்றே மழையை நிறுத்திவிட்டார் என்று விவசாயி வருத்தப்பட்டுக்கொண்டார், மனுவையும் வேறு இடத்தில் அடித்துக்கொள்வதாகச் சொல்லிப் போய்விட்டார். கரண்ட் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று.

வந்த பிறகு மவுஸைக் கோட்டைச்சாமியிடம் கொடுக்கச் சொன்னேன். முதலில் வேண்டாம் என்றார், பிறகு துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். வரைபடத்தில் ஒரு புள்ளியை அழுத்தினார். ஒரு படித்துறைப் படம் வந்தது, அது அவர் காவல் காக்கிற அதே படித்துறை. அடுத்த நொடி ஸ்பீக்கரிலிருந்து, சார், கோட்டைச்சாமி பேசுறேன் என்று அவர் குரலே வந்தது. எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். வீட்டில் ஒரு நாளாவது இத்தனை தெளிவாகப் பேசியது உண்டா என்று செந்தாமரை சத்தமாகக் கேட்டது. அவர் இன்னொரு தடவை அழுத்திக் கேட்டார். மூன்றாவது தடவையும் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சார், படம் நம்ம ஊருணி. நான் பேசுறது சிங்கம்புணரின்னு பேசுறேன். எங்குட்டோ தப்பா இருக்கே."

நானும் கேட்டுப் பார்த்தேன், அவர் சொன்னது சரி. அன்றும் மறுநாளும் உட்கார்ந்து பதினாறு ஊருணியையும் அவரே அழுத்தி அழுத்திக் கேட்டார். ஏழு ஊருணிக்கு வேறு ஊர்க் குரல் வருகிறது. மண்கரை ஊருணிப் படத்துக்குச் சிமெண்டுக் கரைத் தவளை, சிமெண்டுக் கரைக்கு மண்கரைத் தவளை. என் ஆராய்ச்சியின் முடிவே அந்த வித்தியாசத்தில்தான் நிற்கிறது என்பது தங்களுக்குத் தெரியும். சிமெண்டுக் கரை கட்டிய ஊருணிகளில் தவளை கத்துவதைக் குறைத்துக்கொள்கிறது, மண்கரையில் மனம்போலக் கத்துகிறது என்பதே நான் கண்டது. உலகம் முழுக்க இருந்து விஞ்ஞானிகள் வரைபடத்தை அழுத்திவிட்டு இந்த ஏழையும் கேட்டால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்?

மாப்பிள்ளை மனம் வருந்தக் கூடாது. தங்கள் கம்பெனியில் யாரோ ஒருவர் வேலை மும்முரத்தில் கேசட்டுகளை மாற்றிப் பொருத்தியிருக்கலாம், மனிதர்களுக்கு நடக்கக் கூடியதுதான். எந்தக் கேசட் எந்த ஊருணி என்று நான் அனுப்பிய பட்டியல் மூன்று முறை சரிபார்க்கப்பட்டது. முப்பத்தொரு வருடம் மாணவர்களின் பிழைகளைச் சிவப்பு மையில் வளைத்து வளைத்துக் கை பழகியவன் நான், என் பட்டியலில் தவறு தேடுவது வீண் வேலை. இதைப் பெரிதுபடுத்தும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. சம்பந்தி வீட்டாரிடம் சொல்ல மாட்டேன். ஆன் மேரியிடம் தொலைபேசியில் சொன்னது என் மனைவி, நான் பக்கத்தில் நின்றதோடு சரி. பெங்களூர் போன்ற பெரிய ஊரில், அத்தனை கம்ப்யூட்டர் இருக்கிற இடத்தில், ஏழு என்பது ஒரு எண்ணிக்கையா என்று நானே என் மனைவிக்குச் சமாதானம் சொன்னேன்.

ஆனால் ஒன்றைத் தாங்கள் யோசிக்க வேண்டும். தங்கள் படிவத்தில் இரைச்சல் என்று எழுதியிருக்கிறதே, அதுதான் இந்தத் தவறைக் காட்டிக் கொடுத்தது. குரலை நீக்கியிருந்தால் எல்லாத் தவளையும் எங்களுக்கு ஒன்றுபோலத்தான் கேட்டிருக்கும், ஒருவருக்கும் சந்தேகம் வந்திராது. ஆகவே அந்தக் குரல் அப்படியே இருக்க வேண்டும் என்று மாமனாராக இல்லாமல் கட்டுரை ஆசிரியராகக் கேட்டுக்கொள்கிறேன். இதுவே என் எழுத்து மூலமான ஆட்சேபம். ஏழு ஊருணிகளுக்கும் சரியான பட்டியலை என் கோப்பிலிருந்து படியெடுத்து இத்துடன் இணைக்கிறேன், யாரையும் கடிந்துகொள்ளாமல் திருத்தச் சொல்லவும்.

தங்கள் தாயார் தகப்பனாருக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவும். கிறிஸ்துமசுக்கு இருவரும் இரண்டு நாள் முன்னதாகவே வந்தால் வியாகுலம்மாள் அதிரசத்துக்கு மாவு இடிக்கிற நாளைத் தள்ளிப் போடாமல் இருப்பாள். மாதா உங்கள் இருவரையும் உங்கள் வேலையையும் அந்தக் கம்பெனியையும் தன் பாதுகாப்பில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று இங்கே தினமும் செபமாலையில் ஒரு பத்து மணியை ஒதுக்கியிருக்கிறோம்.

தங்கள் நலமே நாடும்,
மா. ஞானசேகர்

பின்குறிப்பு (சனிக்கிழமை, 21-ம் தேதி): ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். பட்டியலைப் படியெடுக்கலாம் என்று கோப்பை எடுத்து வைத்துத் தங்கள் சி.டி.யோடு ஒப்பிட்டேன். தங்கள் கம்பெனி ஒன்றையும் மாற்றவில்லை. நான் எழுதி அனுப்பியது எப்படியோ அப்படியே போட்டிருக்கிறார்கள். இங்கே இருக்கிற மூலக் கேசட்டுகளைத் தேடி எடுத்துத் தொடக்கத்திலிருந்து ஓடவிட்டோம். போன வருடம் அட்டவணை போட உட்காரும் முன்பு ஒரு பெட்டியில் ஈரம் ஏறிவிட்டது என்று ஏழு கேசட்டுகளை உறையைவிட்டு எடுத்து மொட்டைமாடியில் காயவைத்தேன். எண் உறைமேல்தான் இருந்தது, கேசட் மேல் இல்லை. திரும்பப் போட்டவன் நான்தான், இந்த ஒன்றில் என் மனைவியைச் சொல்ல முடியாது. தவளை கத்துவதை எண்ணும்போது ஒரு தடவையாவது கோட்டைச்சாமி பேசுவதைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். தவளைக்கு நேரமாகிறதே என்று ஒவ்வொரு தடவையும் அவர் பேச்சைத் தாண்டி ஓட்டிவிட்டு எண்ணினேன். தங்கள் படிவமாவது இரைச்சல் என்று எழுதிக் கேட்டது, நான் கேட்காமலேயே செய்திருக்கிறேன்.

ஏழையும் சரியான இடத்தில் வைத்து நேற்றும் இன்றும் மறுபடி எண்ணினோம். முடிவு தலைகீழாகிவிட்டது. சிமெண்டுக் கரையில்தான் தவளை அதிகம் கத்துகிறது. ஒளிந்துகொள்ள இடம் இல்லாவிட்டால் கத்தத்தானே செய்யும் என்கிறார் கோட்டைச்சாமி, அவருக்கு இது ஆச்சரியமாகவே இல்லை. அவரிடம், இது தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை, போன வருடமே டைப் அடித்த கட்டுரையை உங்கள் கையில்தானே முதலில் கொடுத்தேன், இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டீர்களே என்று கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன்.

"அன்னைக்குக் கும்பிடக் குடுத்தீக. இப்பத்தான சார் வாசிக்கக் குடுத்திருக்கீக," என்றார்.

ஆகவே மாப்பிள்ளை, மேலே கம்பெனியைப் பற்றி எழுதியதையெல்லாம் எழுதாததாகக் கொள்ளவும், ஆன் மேரியிடம் நானே பேசிக்கொள்கிறேன். இந்தக் கட்டுரையை இப்போது வெளியிட வேண்டாம், புது அட்டவணைக்கு எங்களுக்கு இரண்டு மாதம் வேண்டும். படிவத்தில் ஆசிரியர் பெயர் என்ற இடத்தில் என் பெயரை அடித்துவிட்டுக் கோட்டைச்சாமி, ஊருணிக் காவல், நெற்குப்பை என்று எழுதியிருக்கிறேன். என் பெயரையும் கீழே சேர்த்துக்கொள்ள அவர் சம்மதித்திருக்கிறார்.